பெற்றோல் மிச்சம் பிடிக்கும் சாமான்கள்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் வாகன உதிரிப்பாகம் விற்கிறேன். பிளக், எயார் பில்டர், பிரேக் பேட் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு மூன்று பேர் கைத்தொலைபேசியை நீட்டி, "அண்ணா, இது வேலை செய்யுமா?" என்று கேட்கிறார்கள். திரையில் ஏதோ ஒரு மின்னும் சாமான், பக்கத்தில் "30% மிச்சம்". சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த ஊர்தான் இது. ஆனால் அந்த எண்ணெய் எஞ்சினுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்பது பலருக்குப் புகைமூட்டமாகவே இருக்கிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன்.

அண்ணா, மைலேஜ் கூட்டுற சாமான் எண்டு விக்கிறாங்களே, அது எத்தினை விதம் இருக்கு?

நான் பார்த்தவரை ஆறு விதம். பெற்றோல் குழாயில் கவ்விவிடும் காந்தம். சிகரெட் லைட்டர் சொக்கெற்றில் குத்தும் பிளக். ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனர் போடும் இடத்தில் செருகும் பெட்டி. காற்று போகும் குழாய்க்குள் வைக்கும் காற்றாடி. தண்ணீரை ஐதரசனாக்கும் ஜார். தாங்கியில் போடும் மாத்திரை அல்லது திரவம்.

உருவம்தான் வேறு, எல்லாம் சொல்லும் கதை ஒன்று: "உங்கள் எஞ்சினில் பெற்றோல் அரைகுறையாக எரிகிறது, இது முழுசாக எரிய வைக்கும். மைலேஜ் கூடும், புகை குறையும்." அந்தக் கதையை முதலில் பார்த்துவிட்டால் மிச்சம் எல்லாம் சுலபம்.

எரியாத பெற்றோல் சைலன்சரால வீணாப் போகுது எண்டுறது பொய்யா?

ஒழுங்காக ஓடும் எஞ்சினில் உள்ளே போகும் பெற்றோலில் 97, 98 சதவீதத்துக்கு மேல் எரிந்துவிடுகிறது. எரியாமல் தப்பும் கொஞ்சத்தையும் சைலன்சர் வழியில் இருக்கும் கட்டலிற்றிக் கன்வேட்டர் பெரும்பாலும் எரித்துவிடும். ஆகவே எந்த மந்திரம் போட்டாலும் "முழுசாக எரிய வைத்து" எடுக்கக்கூடியது ஒன்றிரண்டு சதவீதம்தான். 30 சதவீதம் தருகிறேன் என்கிறவர், இல்லாத பொருளை விற்கிறார்.

வீணாவது உண்மை, ஆனால் வீணாகும் இடம் வேறு. 100 ரூபாய் பெற்றோலில் எஞ்சின் வேலையாக மாற்றுவது 25 முதல் 35 ரூபாய். மிச்சம் வெப்பமாகப் போகிறது. மூதூர் போய் வந்து போனட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் சூடு உங்கள் காசு. அந்தப் பெற்றோல் எரிந்து முடிந்துவிட்டது. எரிந்ததை எந்தக் காந்தமும் திரும்ப எரிக்காது.

காந்தம் பெற்றோல் மூலக்கூறை நேராக்குமாம், உண்மையா?

பெற்றோல் காந்தத்துக்கு இழுபடும் பொருள் அல்ல. ஒரு போத்தலில் கொஞ்சம் ஊற்றி, உங்களிடம் இருக்கும் மிகப் பலமான காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. இன்னொன்றையும் யோசியுங்கள்: இன்றைய கார்களில் பெற்றோல் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது, அந்தப் பம்பின் மோட்டாருக்குள் பெரும்பாலும் காந்தம் உண்டு. பெற்றோல் அந்த மோட்டாரை உரசிக்கொண்டுதான் வெளியே வருகிறது. காந்தத்தால் ஆகும் காரியம் என்றால் அங்கேயே ஆகியிருக்க வேண்டும்.

லைட்டர் சொக்கெற்றில குத்துறது கரண்டை ஒழுங்காக்குமாம். அதில லைற் எரியுதே!

லைற் எரியும். அது ஒன்றுதான் அதன் வேலை. ஒரு கிண்ணியா நானா "சும்மா வைச்சுக்கொள்ளுங்க" என்று தந்துவிட்டுப் போனதை மேசையில் வைத்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். உள்ளே நகம் அளவு பச்சைத் தகடு, நீல நிற எல்ஈடி ஒன்று, அதற்கு ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்னக் கப்பாசிற்றர். பாரமாக இருக்கட்டும் என்று அடியில் ஒரு இரும்புத் துண்டை ஒட்டியிருந்தார்கள். கைக்குப் பாரமாக இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நாம் நம்புவோம் என அவர்களுக்குத் தெரியும்.

காரில் மின்சாரத்தை நிதானப்படுத்த ஏற்கெனவே ஒரு பெரிய சாமான் இருக்கிறது, அதன் பெயர் பற்றரி. ஸ்கேனர் துளையில் செருகும் மலிவுப் பெட்டிகளும் இதே ரகம். அவற்றைத் திறந்து பார்த்தவர்கள் பலர், காரின் கணினியோடு பேசும் கம்பிகள் எதனுடனும் இணைக்கப்படாமலே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது மினுங்குவதற்கான சிப் மட்டும்.

எங்கட மச்சான் பூட்டினவர், லீற்றருக்கு மூண்டு கிலோமீற்றர் கூடினதாம். அவர் பொய் சொல்லுவாரா?

பொய் சொல்லமாட்டார். கூடியதும் உண்மையாக இருக்கலாம், ஆனால் கூட்டியது அந்தச் சாமான் அல்ல. காசு கொடுத்து ஒன்றைப் பூட்டிய மனிதர் அந்த வாரம் முழுவதும் மைலேஜையே நினைத்துக்கொண்டு ஓட்டுவார். எக்சிலேற்றரை மெதுவாக மிதிப்பார், சிக்னலைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுப்பார். பத்து சதவீதம் அதிலேயே வந்துவிடும். கருவி பூட்டப்பட்டது காரில் இல்லை, மச்சானின் வலது காலில்.

அடுத்தது அளக்கும் விதம். கந்தளாய் போய் வர ஏறத்தாழ 80 கிலோமீற்றர், ஐந்து லீற்றர் போகும் என்று வையுங்கள். பம்ப் முனை "டக்" என்று நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறும். கார் கொஞ்சம் சரிந்து நின்றாலே அரை லீற்றர் வித்தியாசம் வரும். ஐந்தில் அரை என்பது பத்து சதவீதம். மச்சானின் மூன்று கிலோமீற்றரில் பாதி அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு காரணம்: கச்சான் காற்று. இங்கிருந்து கந்தளாய் தென்மேற்குப் பக்கம், கச்சான் அடிப்பதும் அங்கிருந்துதான். மணிக்கு 70இல் போகும் காருக்கு எதிரே 25 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், கார் கிழிக்க வேண்டிய காற்று 95 கிலோமீற்றர் வேகத்துக்குரியது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. ஆடி மாதம் ஒரு நாள் என் சொந்த வாகன்ஆரில் கந்தளாய் போகும்போது லீற்றருக்கு 16, வரும்போது 20 என்று டாஷ்போர்ட் காட்டியது. எதையும் பூட்டவில்லை, கழற்றவும் இல்லை. கந்தளாயில் ஒரு காந்தம் வாங்கிப் பூட்டியிருந்தால் நானும் சத்தியம் செய்திருப்பேன்.

சரி, நானே ஒழுங்காச் சோதிச்சுப் பாக்கிறது எப்பிடி?

ஒரே பெற்றோல் ஷெட், ஒரே பம்ப், வாகனம் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும், "டக்" என்றதும் நிறுத்த வேண்டும். குறைந்தது 30 லீற்றர் எரியும்வரை ஓடுங்கள், அப்போது அரை லீற்றர் பிழை பெரிதாகத் தெரியாது. முதலில் கருவி இல்லாமல், பிறகு கருவியோடு, பிறகு மறுபடி இல்லாமல். மூன்றாவது சுற்றை யாரும் செய்வதில்லை, உண்மை வெளிவருவது அதில்தான். எடுத்த பிறகும் மைலேஜ் குறையவில்லை என்றால் கூட்டியது கருவி இல்லை.

இதைவிட நல்லது, ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் மனைவியோ தம்பியோ பூட்டுவதும் கழற்றுவதும். குடும்பத்தில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

தண்ணியில இருந்து ஐதரசன் எடுத்து ஓடலாமே, விஞ்ஞானப் பாடத்தில படிச்சதுதானே?

தண்ணீரைப் பிரித்தால் ஐதரசனும் ஒட்சிசனும் வரும், ஐதரசன் எரியும். பாடம் சரி. அதே பாடத்தின் அடுத்த பக்கத்தை விட்டுவிட்டோம்: எரியும்போது கிடைப்பதைவிடப் பிரிப்பதற்குக் கூடுதல் சக்தி வேண்டும். காரில் அந்த மின்சாரம் அல்டர்னேற்றரிலிருந்து வருகிறது, அதைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சினைச் சுற்றுவது பெற்றோல். ஒவ்வொரு படியிலும் இழப்பு. கூட்டிப் பார்த்தால் பத்து ரூபாய் பெற்றோலை எரித்து ஒரு ரூபாய் வாயு எடுக்கிற கணக்கு.

அளவையும் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வாயு வரும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஒரு லீற்றரில் இருக்கும் சக்தி 7 கிலோஜூல் அளவு. மணிக்கு ஐந்து லீற்றர் பெற்றோல் குடிக்கும் கார் அதே ஒரு நிமிடத்தில் எரிப்பது 2,600 கிலோஜூலுக்கு மேல். முந்நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை. சோற்றுப் பானைக்குள் ஒரு பருக்கை.

இதில் ஆபத்தும் உண்டு. ஐதரசனும் ஒட்சிசனும் கலந்த வாயு ஒரு பொறிக்கு வெடிக்கும். ஜாருக்குள் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, தோலை அரிக்கும் காரம் கலந்தது. காந்தத்தால் காசு மட்டும் போகும், இதில் போனட்டும் போகலாம். பூட்டாதீர்கள்.

காத்தாடி வைச்சா காத்து சுழண்டு போய் நல்லா எரியுமாமே?

சுழற்சி சிலிண்டருக்குள் வேண்டும். அதற்காகத்தான் உள்ளே போகும் வழியின் வளைவைக் கம்பனி பார்த்துப் பார்த்துச் செய்கிறது. பில்டருக்குப் பக்கத்தில் சுழற்றிவிட்ட காற்று த்ரொட்டில் தகட்டில் முட்டியதும் சுழற்சி போய்விடும். மிஞ்சுவது குழாய்க்குள் ஒரு அடைப்பு. அதன் தகடு கழன்று உள்ளே போனால் எஞ்சின் செலவு.

மாத்திரை, பூச்சி உருண்டை, மண்ணெண்ணெய், அசிற்றோன்... இதுகள்?

பூச்சி உருண்டை தாங்கியின் அடியில் படிந்து பில்டரை அடைக்கலாம். அசிற்றோன் ரப்பர் குழாயையும் சீலையும் கெடுக்கும். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, பெற்றோலில் கலந்தால் எஞ்சின் தட்டும், புகையும். மீன்பிடிப் படகு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறதே என்று கேட்பார்கள். அது அதற்கென்றே செய்த எஞ்சின்.

மாத்திரையையும் மூலிகையையும் பற்றிப் பேச்சு வந்தால் தமிழர்கள் நமக்கு ராமர் பிள்ளையை மறக்க முடியாது. 1996இல் மூலிகையிலிருந்து பெற்றோல் எடுத்ததாக ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்த செய்தியை இங்கேயும் வாய் பிளந்து படித்தார்கள். மூலிகை என்று அவர் விற்றது நஃப்தா, தொலுயீன் போன்ற பெற்றோலிய இரசாயனங்களின் கலவை என்று வழக்கானது. 2016இல் சென்னை நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தது.

ஒரு விதிவிலக்கு சொல்லவேண்டும். இன்ஜெக்டர் கழுவும் நல்ல திரவங்கள் சில உண்டு. அழுக்கு அடைந்த இன்ஜெக்டரை அவை சுத்தமாக்கும், இழந்த மைலேஜ் திரும்ப வரும். சுத்தமாக இருக்கும் இன்ஜெக்டருக்கு ஊற்றினால் மைலேஜ் கூடப்போவதில்லை.

95 ஒக்டேன் அடிச்சா கூடுதலா ஓடுமா?

உங்கள் கார் ஜப்பானில் ஓடுவதற்காகச் செய்த வாகன்ஆர், அக்குவா மாதிரி என்றால் 92 தாராளம். அங்கே சாதாரணப் பெற்றோலே 90 ஒக்டேன் அளவுதான். ஒக்டேன் என்பது பெற்றோல் தானாக வெடித்துத் தட்டாமல் தாங்கும் திறன், சக்தியின் அளவு அல்ல. 95 வேண்டும் என்று மூடியிலோ கைநூலிலோ எழுதியிருந்தால் மட்டும் அடியுங்கள்.

மைலேஜை விடுங்க, புகை டெஸ்ட் பாஸாக இது உதவுமா?

வருடாவருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும், அதனால் இந்தக் கேள்வி மாதக் கடைசியில் கூடுதலாக வரும். பெற்றோல் வாகனத்தில் அவர்கள் பார்ப்பது காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும், டீசலில் புகையின் கறுப்பு. இவை கூடினால் அர்த்தம், எஞ்சினில் ஏதோ பழுது: அடைத்த எயார் பில்டர், தேய்ந்த பிளக், கூடுதல் பெற்றோல் விடும் கார்புரேற்றர், ஒழுகும் இன்ஜெக்டர், செத்த ஒட்சிசன் சென்சர். நீலப் புகை என்றால் ஓயில் எரிகிறது. பழுதைத் திருத்தாமல் லைட்டர் பிளக்கைக் குத்தினால் டெஸ்ட் மெஷினுக்கு அந்த நீல லைற் தெரியப்போவதில்லை.

"காபனீரொட்சைட்டைக் குறைக்கும்" என்று எழுதியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். முழுசாக எரிந்தால் அது கூடுமே தவிரக் குறையாது.

பழைய ஓட்டோவுக்கு ஒரு காத்து வால்வ் பூட்டினாங்க. உண்மையாவே பெற்றோல் குறைஞ்சது. இதுக்கு என்ன சொல்றீங்க?

இது நல்ல கேள்வி. குறைந்திருக்கலாம். கார்புரேற்றர் எஞ்சினில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைக் காவல் காக்க யாரும் இல்லை. பெற்றோல் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்த எஞ்சினுக்கு வெளியிலிருந்து கொஞ்சம் காற்று விட்டால் கலவை சரிக்கு வரும், மைலேஜும் கூடும். ஆனால் அதே வேலையைக் கார்புரேற்றரில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி மெக்கானிக் செய்துவிடுவார். மிதமிஞ்சிக் காற்று போனால் எஞ்சின் கொதிக்கும், வால்வ் கருகும், நைதரசன் ஒட்சைட்டும் கூடலாம். நம் புகை டெஸ்டில் அதைப் பார்ப்பதில்லை, அதனால் "புகை குறைந்தது" என்றே தோன்றும்.

இன்ஜெக்டர் காரில் இந்த விளையாட்டுச் சரிவராது. காற்று கூடினால் ஒட்சிசன் சென்சர் கண்டுபிடிக்கும், கணினி அதற்கேற்பப் பெற்றோலையும் கூட்டிவிடும்.

பெட்டியில "அமெரிக்க ஈபிஏ", "ஐஎஸ்ஓ" எண்டெல்லாம் போட்டிருக்கே?

ஈபிஏ என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம். இப்படிப்பட்ட சாமான்கள் நூற்றுக்கு மேல் அது மதிப்பிட்டிருக்கிறது. மிகச் சிலதான் கொஞ்சம் மைலேஜ் கூட்டின, அவற்றிலும் சில புகையைக் கெடுத்தன. "ஈபிஏ அங்கீகாரம்" என்று அது யாருக்கும் கொடுப்பதில்லை. பெற்றோலில் கலக்கும் திரவத்தை அங்கே பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், பதிவு என்றால் நல்லது என்ற சான்று இல்லை. ஐஎஸ்ஓ 9001 தொழிற்சாலையின் நிர்வாக முறைக்கு. நீல லைற்றை ஒழுங்கான நிர்வாகத்தோடும் செய்யலாம்.

உண்மையா வேலை செய்யிற சாமானை எண்ணெய்க் கம்பனியும் கார்க் கம்பனியும் சேர்ந்து அமுக்குறாங்க எண்டு சொல்றாங்களே?

எண்ணெய்க் கம்பனிக்கு ஆசை இருக்கலாம். கார்க் கம்பனிக்கு நேர் எதிர். ஐரோப்பாவில் ஒரு கம்பனியின் புதுக் கார்கள் சராசரியாக இலக்கைத் தாண்டினால், கிலோமீற்றருக்குத் தாண்டிய ஒவ்வொரு கிராம் காபனீரொட்சைட்டுக்கும் விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ தண்டம். லட்சக்கணக்கில் கார் விற்கும் கம்பனி, மூவாயிரம் ரூபாய்க் காந்தத்தில் 20 சதவீதம் குறையும் என்றால் அதைப் பூட்டாமல் தண்டம் கட்டுமா? ஒரு சதவீதத்துக்காக எஞ்சின் ஓயிலையே தண்ணீர் மாதிரி மெல்லியதாக்குகிறவர்கள் அவர்கள்.

அப்ப மைலேஜ் கூட என்னதான் செய்யிறது?

நம் ஊரில் முதலில் பிரேக்கைப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் நிற்கும் வாகனங்களில் உப்புக் காற்றால் பிரேக் கலிப்பர் இறுகிவிடுகிறது. கால் எடுத்த பிறகும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். பத்துக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, நான்கு சில்லுகளுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள் (தொடவேண்டாம்). ஒன்று மட்டும் அனல் அடித்தால் காசு போகும் இடம் அதுதான். ஜாக் அடித்துக் கையால் சுற்றினாலும் தெரியும். கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் பூசினால் எந்தக் கருவியையும் விடக் கூடுதலாக மிச்சம் வரும்.

ரயர் காற்றை மாதம் இரு தடவை, ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவும். எயார் பில்டர் அடைத்தால் இன்ஜெக்டர் காரில் இழுவைதான் குறையும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. கார்புரேற்றர் வண்டியில் மைலேஜும் குறையும். செத்த ஒட்சிசன் சென்சர் மட்டும் சில கார்களில் பயங்கரமாகக் குடிக்க வைக்கும். மஞ்சள் எஞ்சின் லைற் எரிந்தால் ஸ்ரிக்கர் ஒட்டி மறைக்காதீர்கள், ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் எல்லாம் மேலே மச்சான் விஷயத்தில் சொன்ன வலது கால்தான்.

வாங்கிட்டன் அண்ணா. காசைத் திரும்ப எடுக்கலாமா?

பில் இருந்தால் முதலில் விற்றவரிடம் போங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977க்கு அழைக்கலாம். விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். பில் இல்லாமல் இணையத்தில் வாங்கியதென்றால் உண்மையைச் சொல்கிறேன், பெரும்பாலும் போனதுதான்.

2022இல உங்கட கடையிலயே காந்தம் தொங்கினது. நீங்களே வித்தனீங்கதானே?

விற்றேன். அது பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம், ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் பங்கீடு வந்து வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஷெட் வரிசையில் இரவு படுத்து எழும்பியவர்கள் நேரே கடைக்கு வந்து "ஏதாவது இருக்கா" என்று கேட்டார்கள். அந்த நேரம் ஒரு முகவர் 24 காந்தம் கொண்டுவந்து வைத்தார். வேலை செய்யும் என்று நான் நம்பவில்லை, செய்யாது என்று சொல்லவும் இல்லை. "பாவிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிக் காசை வாங்கினேன்.

மூன்று வாரம் கழித்துப் பாலையூற்றிலிருந்து ஒரு ஓட்டோத் தம்பி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. "அண்ணா, இதைவிடப் பலமான காந்தம் இருக்கா?" என்று கேட்டார். அவருடைய காசைக் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொழுக்கியிலிருந்து இறக்கினேன். வாங்கியவர்களில் என்னிடம் திரும்பி வந்த எல்லோருக்கும் கொடுத்தேன், வராதவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள். இதைப் படித்தால் வாருங்கள், பில் தேவையில்லை. இறக்கியதில் இரண்டு இப்போதும் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன. கீழே விழுந்த ஸ்க்ரூ பொறுக்க நன்றாக உதவுகின்றன.